அக்கியும் 72 மணி நேரமும்

வயோதிகத்தில் வரும் வியாதிகளுள், ஆளை உடனே படுக்கையில் கிடத்திவிடாமலும், அலட்சியம் செய்தவரை மாதக்கணக்கில் வருத்தாமல் விடாமலும் இருக்கும் வியாதி அக்கி. விலாவிலோ முதுகிலோ இடுப்பிலோ ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் குத்தலும் தோன்ற, அதை வாயுப்பிடிப்பென்றும் சுளுக்கென்றும் எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூன்று நாட்களில் அவ்விடம் சிவந்து, சிவப்பின்மேல் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பி, பாதி உடலை அரைவளையமாகச் சூழ்ந்துகொள்கின்றன. துணி உரசினாலும் தாங்க முடியாத வேதனை உண்டாகிறது. வைத்தியர்கள் இதை ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்று வழங்குவார்கள்.

இந்நோய்க்குக் கைகண்ட மருந்து உண்டு. அது மாத்திரை வடிவில், சிறு நகரங்களின் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆயினும் அது பூரண பலன் அளிக்கும் காலம் மிகக் குறுகியது. கொப்புளம் முதன்முதலில் தோன்றிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரையை உட்கொண்டுவிட வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரம் வகுத்துள்ள விதி. இந்த மூன்று நாட்களை நம் நாட்டு முதியோர் பலர் வீட்டுத் திண்ணையிலேயே கழித்துவிடுகிறார்கள் என்பதும், வீட்டிலுள்ள கைபேசியைக் கொண்டே அந்தக் காலத்தை மீட்டுக்கொள்ள இன்று வழி பிறந்திருக்கிறது என்பதுமே இங்கே விரித்துரைக்க முற்படும் விஷயம்.

பழைய அம்மையின் எச்சம்

பாலப் பிராயத்தில் சின்னம்மை கண்டு தேறியவரின் சரீரத்தை விட்டு அந்த வைரஸ் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. தோலிலிருந்து உணர்ச்சி நரம்புகளின் வழியே உள்ளேறி, முதுகுத்தண்டின் இருமருங்கிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் தங்கி, நாற்பது ஐம்பது ஆண்டுகள்கூட யாதொரு உபத்திரவமும் செய்யாமல் அது அடங்கிக் கிடக்கிறது. வயது முதிர்வதாலோ, புற்றுநோய், எச்.ஐ.வி. போன்ற வியாதிகளாலோ, நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகளாலோ உடலின் தற்காப்புச் சக்தி குன்றும்போது, அது மீண்டும் பெருகத் தொடங்கி, தான் தங்கியிருந்த நரம்பின் வழியாகவே தோலை நோக்கி வெளிப்படுகிறது. சாதாரணமாக ஒரு நரம்பின் ஆட்சிக்கு உட்பட்ட தோல் மட்டுமே பாதிக்கப்படுவதால், கொப்புள வரிசை உடலின் நடுக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அதன் இரு முனைகளும் சுற்றி வந்து கூடிவிட்டால் பிராணாபத்து என்று ஊர்ப்புறங்களில் பேசிக்கொள்ளும் அச்சத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை.

இந்த உண்மையை நிலைநாட்டியவர்களுள் ஒருவர், பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதிலும் பணியாற்றாத ஒரு சாதாரணக் குடும்ப வைத்தியர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. இங்கிலாந்தில் சிரென்செஸ்டர் என்னும் சிற்றூரில் வைத்தியம் செய்துவந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், 1947 முதல் 1962 வரை தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பொறுமையுடன் குறித்துவைத்து, அக்கி என்பது புதிதாகத் தொற்றிய நோயன்று, உள்ளே மறைந்திருந்த சின்னம்மைக் கிருமியின் மறு வெளிப்பாடே என்னும் கருத்தை 1965-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் ஒருமுறை அக்கி வருகிறது என்பது அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு.

மருந்தும் அதன் கால வரம்பும்

வைரஸ் கிருமியை அழிக்கப் புகுந்தால் அது குடியிருக்கும் உயிரணுவும் சேர்ந்து அழிந்துவிடும் என்று வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பிக்கை இழந்திருந்தது. அந்நிலையை மாற்றிய மருந்துகளுள் முதன்மையானது அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து வெளிக்கொணர்ந்த இம்மருந்தின் விசேஷம் யாதெனில், கிருமி புகாத உயிரணுக்களில் இது ஏறக்குறைய வாளாவிருக்கிறது. கிருமி புகுந்த உயிரணுவிலோ, அக்கிருமிக்கே உரிய ஒரு நொதி இதைத் தூண்டிவிட, அவ்வாறு தூண்டப்பட்ட மருந்து கிருமியின் மரபுச் சங்கிலி மேலும் நீளாதபடி இடையிலேயே தடுத்துவிடுகிறது. டாக்டர் பட்டம் பெறும் வாய்ப்பே அமையாதுபோன அந்த அம்மையாருக்கு 1988-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு, வேறு இருவரோடு சேர்த்து வழங்கப்பட்டது.

மருந்து செய்வது கிருமி பெருகுவதைத் தடுப்பது மட்டுமே; பெருகி முடிந்த கிருமி நரம்புக்கு விளைத்த சேதத்தை அது சரிசெய்வதில்லை. கொப்புளம் எழுந்த முதல் சில தினங்களிலேயே அந்தப் பெருக்கம் உச்சத்தை அடைந்துவிடுகிறது. 72 மணி நேரம் என்ற வரம்பின் தாத்பரியம் இதுவே. காலத்தில் தொடங்கினால் புதிய கொப்புளங்கள் நிற்கின்றன, புண் விரைவில் ஆறுகிறது, கடுமையான வலியின் நாட்கள் குறைகின்றன. அக்கி கண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டுப் பேருக்குத் தோல் ஆறிய பின்பும் நரம்பு வலி நீடிக்கிறது என்றும் அதே அமெரிக்க மையம் கூறுகிறது. அந்த நீடித்த வலியை இம்மருந்து அறவே தடுத்துவிடும் என்று உறுதி கூறுவதற்கில்லை. எனினும் வாய்ப்பை நழுவவிட்டவருக்குக் கைவசம் இருப்பது வலியைத் தணிக்கும் உபாயங்கள் மாத்திரமே.

72 மணி நேரம் கடந்துவிட்டதே என்று ஒருவர் முயற்சியைக் கைவிடவும் கூடாது. புதிய கொப்புளங்கள் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தாலும், கண்ணையொட்டி நோய் கண்டிருந்தாலும், தற்காப்புச் சக்தி குன்றியவராக இருந்தாலும், பின்னரும் மருந்து கொடுப்பதே முறை.

அந்த மூன்று நாட்கள் எங்கே போகின்றன

கொப்புளம் கண்டவுடன் கிராமத்துப் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம் அக்கி எழுதிக்கொள்வது. மண்பாண்டம் வனையும் குடும்பத்தாரிடம் சென்று, செங்காவியைக் குழைத்துப் புண்ணின்மேல் எழுதச் செய்வது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். எரியும் தோலுக்குக் குளிர்ந்த காவி இதமளிப்பது உண்மை. எழுதுபவர் காட்டும் பரிவும் நோயாளிக்குப் பெரிய ஆறுதல். ஆதலால் அதைப் பழித்துப் பேசுவது பிரயோஜனமற்றது. வைத்தியரைக் காணும் வரையில் காவி பூசாமல் இருங்கள், பூசினால் புண்ணின் உருவம் மறைந்துவிடும் என்று அன்போடு எடுத்துச் சொன்னால் முதியோர் கேட்டுக்கொள்வார்கள். மெய்யான நஷ்டம் காவியால் விளைவதன்று. மூன்று தடவை எழுதி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் நாட்களால் விளைவது.

இன்னொரு வகைத் தாமதம் மருந்துக் கடையில் நிகழ்கிறது. அக்கி என்று சொன்னவுடன் ஒரு களிம்புக் குழாயைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அசைக்ளோவிர் களிம்பு அக்கிக்குப் போதாது. நோயின் இருப்பிடம் நரம்பாகையால் மருந்து இரத்தத்தின் வழியே செல்ல வேண்டும். சில சமயம் மாத்திரையே தரப்பட்டாலும் அளவு குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவருக்கு அசைக்ளோவிர் வேளைக்கு 800 மில்லிகிராமாக நாளொன்றுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்களேனும் கொடுப்பது வழக்கம். வாலசைக்ளோவிர் ஆனால் 1000 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை. உதட்டுக் கொப்புளத்துக்குக் கொடுக்கும் சிறிய அளவு இதற்கு எம்மாத்திரமும் போதாது. அளவை நிர்ணயிக்க வேண்டியவர் வைத்தியரே.

மூன்றாவது, தூரம். மகனும் மகளும் வெளியூரில் வேலை பார்க்க, துணையின்றிப் பேருந்து ஏறத் தயங்கும் ஒரு மூதாட்டி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரட்டும் என்று புதன்கிழமை முதல் வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது நம் குடும்பங்களில் சர்வசாதாரணமாக நடக்கும் காரியம். இந்தத் தாமதத்தை நீக்குவதற்கே தொலைபேசி ஆலோசனை பெரிதும் பயன்படுகிறது.

திரையின் வழியே வைத்தியம்

எல்லா நோய்க்கும் தொலைவிலிருந்து வைத்தியம் செய்ய இயலாது. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க வேண்டும். அக்கியோ, கண்ணால் கண்டும் கதையைக் கேட்டுமே பெரும்பாலும் நிச்சயிக்கக்கூடிய நோய். ஒரு பக்கத்து வலி, அதே இடத்தில் கொத்தான கொப்புளம், நடுக்கோட்டைத் தாண்டாமை என்னும் இம்மூன்றும் கூடியிருந்தால், அனுபவமுள்ள வைத்தியருக்கு இரத்தப் பரிசோதனை அவசியப்படுவது அபூர்வம்.

நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-ஆம் தேதியன்றே, தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. பதிவுபெற்ற மருத்துவர் காணொளி, குரல், எழுத்து ஆகிய வழிகளில் ஆலோசனை தரலாம் என்பதையும், நோயாளியும் வைத்தியரும் ஒருவரையொருவர் இன்னாரென்று அறிந்திருக்க வேண்டும் என்பதையும், மருந்துச் சீட்டில் வைத்தியரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதையும், நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று வைத்தியர் கருதினால் அவ்வாறே சொல்ல அவருக்குப் பூரண உரிமை உண்டென்பதையும் அது தெளிவாக்கியது. முதல் ஆலோசனையிலேயே மருந்து எழுத வேண்டியிருப்பின் காணொளியையே தேர்ந்துகொள்வது உசிதம்.

அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. கட்டணம் இல்லை. கைபேசி எண்ணைப் பதிந்து, அதற்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கொடுத்து, டோக்கன் பெற்று, முறை வரும்போது வைத்தியரோடு பேசிவிட்டு, மருந்துச் சீட்டைக் கைபேசியிலேயே இறக்கிக்கொள்ளலாம். 2023 பிப்ரவரிக்குள் பத்துக் கோடி ஆலோசனைகள் இதன் வழியே நடந்தேறின. தனியார் மருத்துவமனைகள் பலவும் இத்தகைய சேவையை நடத்துகின்றன. நெடுநாள் பழகிய குடும்ப வைத்தியர் காணொளியில் பார்க்கச் சம்மதித்தால் அதைவிடச் சிலாக்கியமானது வேறில்லை.

பேசுவதற்கு முன் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும். பகல் வெளிச்சத்தில், காவியும் களிம்பும் இல்லாத தோலை இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது விளங்கும்படி எட்ட நின்று ஒன்று; கொப்புளத்தின் தன்மை தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. வலி தொடங்கியது என்று, முதல் கொப்புளம் கண்டது எந்த நாள் எந்த வேளை என்பதைக் காகிதத்தில் குறித்துவையுங்கள். சிகிச்சையின் திசையை நிர்ணயிப்பது அதுவே. தினம் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதோடு, சிறுநீரகக் குறைபாடு உண்டென்று எவரேனும் முன்பு சொல்லியிருந்தால் அதைத் தவறாமல் தெரிவித்து, கிரியாட்டினின் பரிசோதனை முடிவு இருந்தால் காட்டிவிட வேண்டும். இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதாகையால், அந்த ஒரு செய்தியை மறைத்தால் உரிய அளவே விஷமாகிவிடக்கூடும். கைபேசியைப் பிடித்து உதவப் பேரனோ பேத்தியோ அருகிலிருக்கட்டும். கேள்விகளுக்குப் பதிலை நோயாளியே சொல்லட்டும்.

திரை போதாத இடங்கள்

நெற்றியிலோ இமையிலோ மூக்கின் நுனியிலோ கொப்புளம் கண்டால், தொலைபேசியை வைத்துவிட்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மூக்கின் நுனிக்கும் விழிக்கும் ஒரே நரம்பின் கிளை செல்வதால், அங்கே கொப்புளம் எழுவது விழிக்கும் ஆபத்து நெருங்குகிறது என்பதன் அறிகுறி. ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் இதைக் கண்டு சொன்னார். பார்வை பாழாவதற்கு இடங்கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதைப்போல் கொடுமை வேறில்லை. காதில் கொப்புளம் கண்டு, முகம் ஒரு பக்கம் கோணினாலும், கேள்வி மந்தமானாலும், தலைசுற்றினாலும் அதுவும் நேரில் பார்க்க வேண்டிய அவசரமே.

கடுந்தலைவலி, பிடரி விறைப்பு, பேச்சுத் தடுமாற்றம், மயக்கம் ஆகியவை சேர்ந்திருந்தாலும், கொப்புளங்கள் ஓரிடத்தோடு நில்லாமல் உடலெங்கும் பரவினாலும், நோயாளி புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவராகவோ மாற்று உறுப்புப் பொருத்தப்பட்டவராகவோ இருந்தாலும், ஊசி வழியே மருந்து செலுத்த வேண்டிய நிலை வரலாம். கர்ப்பிணிப் பெண்ணையும் நேரில் காட்டிவிடுவதே உத்தமம்.

மருந்து உண்ணும் வாரத்தில்

வலி தணிந்தது என்று நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த நாட்கள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். அக்கி கண்டவரிடமிருந்து பிறருக்கு அக்கி தொற்றுவதில்லை. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகையால் புண் பொருக்குத் தட்டும் வரையில் அதைத் துணியால் மூடிவைத்து, கைக்குழந்தையையும், சின்னம்மை கண்டிராத கர்ப்பிணியையும் அருகே விடாதிருத்தல் அவசியம். பிள்ளையைத் தூக்காதே என்று பாட்டியிடம் சொல்வது கடினந்தான். காரணத்தை விளக்கிச் சொன்னால் அவர்களே விலகியிருப்பார்கள்.

ஏழாம் நாள் வாக்கில் மீண்டும் ஒருமுறை அதே வைத்தியரோடு பேசுவது நலம். வலி நீடித்தால் சாதாரண வலிமாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை. நரம்பு வலிக்கென்றே கபாபென்டின் முதலான தனி மருந்துகள் உள்ளன. அவை முதியோருக்கு மயக்கமும் தள்ளாட்டமும் தரக்கூடியவை என்பதால், சிறிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும்; அந்தக் கண்காணிப்புக்கும் தொலைபேசி ஆலோசனை மிகவும் ஏற்றது.

தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். 50 வயது கடந்தவர்களுக்கான ஷிங்க்ரிக்ஸ் என்னும் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு தவணை போட வேண்டும். அக்கி ஒருமுறை வந்து போனவரும், புண் முற்றிலும் ஆறிய பின் இதைப் போட்டுக்கொள்ளலாம். விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது; வீட்டில் எல்லோருக்கும் இயலாதெனில், தற்காப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உண்பவருக்கு முதலிடம் தருவது பற்றி வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேட்டு முடிவு செய்யலாம்.