நின்ற பெட்டியும் ஓடும்: சைடிங் வேலை பற்றிச் சில விபரங்கள்

கோச்சி நமக்குப் புதிதல்ல. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கத்து லயங்களில் பிறந்தவர்களுக்கு அதன் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லத் தெரியும். ஆனால் சாமான் கோச்சியின் பெட்டிகளை எப்படிக் கழற்றுகிறார்கள், எப்படித் தள்ளி நிறுத்துகிறார்கள் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. இதற்கு ஷண்டிங் என்று பெயர். கொழும்புப் பக்கம் மில் வேலை, ஸ்டோர் வேலை என்று போகும் நம்ம பையன்கள் கையில் இந்த வேலை வந்து சேரலாம். பாதை ஓரத்துச் சின்னப் பிள்ளைகளுக்கோ நின்றுகொண்டிருக்கும் பெட்டி ஒரு விளையாட்டுச் சாமான். இந்த இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறோம்.

மலைநாட்டுப் பாதை 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி கீழே போனது, அரிசியும் உரமும் மேலே வந்தது. பிற்காலத்தில் அந்தச் சாமானையெல்லாம் லொறி பிடித்துக்கொண்டது. ரயிலுக்கு மிஞ்சியது பெரும்பாலும் எண்ணெய், சீமெந்து, கோதுமை மா போன்ற பெரும் பாரங்கள்தான். இவை ஸ்டேஷனில் இறங்குவதில்லை. எண்ணெய்க் களஞ்சியத்துக்கோ ஆலைக்கோ தனியாக ஒரு கிளைத் தண்டவாளம் பிரிந்து போகும். அதைத்தான் சைடிங் என்கிறோம். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்கும், திருகோணமலை மா ஆலைக்கும், புத்தளம் சீமெந்து ஆலைக்கும் இப்படிப் பாதை போடப்பட்டது. புத்தளத்தில் அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லை ஆலையின் சொந்த எஞ்சினே இழுத்து வந்தது.

தனியார் சைடிங்கில் கவனிக்க வேண்டியது கேட். கேட் வரைக்கும் ரயில்வேயின் எஞ்சின், ரயில்வேயின் ஆள், ரயில்வேயின் சட்டம். கேட்டைத் தாண்டினால் ஆலையின் பொறுப்பு. உள்ளே சின்ன எஞ்சின் இருக்கலாம், டிராக்டர் இருக்கலாம், சில இடத்தில் நாலு ஆளும் ஓர் அலவாங்கும்தான் இருக்கும். ரயில்வேக்காரனுக்கு மாதக் கணக்கில் பழக்கிக் கொடுத்த வேலையை, கொந்தராத்தில் நேற்று வந்த பையன் வாய்ச்சொல்லில் கேட்டுச் செய்கிறான். ஆபத்து பிறப்பது இங்கேதான்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எவ்வளவு லேசாக உருளும் என்பதை நம் கண் நம்பாது. பத்துத் தொன் லொறியை மட்டமான ரோட்டில் தள்ளப் பத்துப் பேர் வேண்டும். அதே எடையுள்ள வெறும் ரயில் பெட்டியை, ஒரு தடவை அசைத்துவிட்டால், இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளுவது சுலபம் என்றால் நிறுத்துவது கஷ்டம் என்றுதான் அர்த்தம். இனிச் சரிவைப் பாருங்கள். 100 அடிக்கு 1 அடி இறக்கம் கண்ணுக்கே தெரியாது. அதில் நிற்கும் 40 தொன் பெட்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 400 கிலோ. நம்ம மலைப் பாதையில் 44 அடிக்கு 1 அடி இறங்கும் இடங்கள் உண்டு. அங்கே அதே பெட்டிக்கு 900 கிலோ, அதாவது 50 கிலோ உர மூட்டை பதினெட்டு சேர்ந்து இழுக்கிற மாதிரி.

"அதுக்குத்தான் பிரேக் இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கோச்சியின் பிரேக் குழாயில் உள்ள காற்றை நம்பி வேலை செய்வது. எஞ்சினைக் கழற்றியதும் பிரேக் இறுகிப் பிடிக்கும், ஆளும் நிம்மதியாகச் சாப்பிடப் போவான். குழாய் கசியக் கசிய அந்தப் பிடி கொஞ்சங் கொஞ்சமாக விட்டுப்போகும். ஆகவே நிறுத்திய பெட்டிக்குக் கைப் பிரேக் போட்டே ஆக வேண்டும். போட்ட பிறகு எஞ்சினால் மெதுவாக ஒரு முறை தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று கண்டபிறகுதான் எஞ்சினைக் கழற்ற வேண்டும். சக்கரத்துக்குச் சரியான ஆப்புக் கட்டையும் வைக்க வேண்டும். லொறி டயருக்கு வைப்பதுபோல் ரோட்டுக் கல்லை எடுத்து வைப்பது வேலைக்காகாது.

இது வீண் பயமல்ல. 2013 ஜூலை 6ஆம் திகதி கனடாவில் லக் மெகன்டிக் என்ற ஊருக்குள் 72 எண்ணெய்ப் பெட்டிகளோடு ஒரு ரயில் ஆளில்லாமல் உருண்டு வந்து தீப்பிடித்தது. 47 பேர் இறந்தார்கள். மேலே சரிவில் நிறுத்தும்போது போட்ட கைப் பிரேக்குகளின் எண்ணிக்கை போதவில்லை. எஞ்சினை நிறுத்தியதும் காற்றுப் பிரேக்கும் விட்டுப்போனது. இங்கிலாந்தில் டீபே என்ற இடத்தில் 2004 பெப்ரவரியில் தண்டவாளம் ஏற்றிய ஒரு வண்டி, பிரேக் வேலை செய்யாமல் மரக் கட்டையை மட்டும் நம்பி நிறுத்தப்பட்டிருந்தது. அது விடியுமுன் இருட்டில் மைல் கணக்கில் உருண்டு போய்ப் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு தொழிலாளரைக் கொன்றது. எஞ்சின் இல்லாத பெட்டி சத்தம் போட்டு வருவதில்லை.

இந்த வேலைக்குப் போகும் தம்பிமார் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி அசையும்போது இரண்டு பெட்டிக்கு நடுவில் போகவே கூடாது. கொக்கி மாட்ட, குழாய் கோர்க்க, முற்றாக நின்றபிறகு, எஞ்சின்காரன் கண்ணில் பட்டு, அவன் பதில் சைகை காட்டியபிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். சைகை காட்டுவது ஒரே ஆளாக இருக்கட்டும். நாலு பேர் கத்தினால் எஞ்சின்காரன் யாரைக் கேட்பான்? அந்த ஆள் கண்ணுக்கு மறைந்தால் எஞ்சின் நிற்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் "நிறுத்து" என்று அர்த்தம், இரவில் எந்த விளக்கையானாலும் வேகமாக ஆட்டினாலும் அதேதான். அலவாங்கால் நெம்பும்போது அதற்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், சக்கரம் உருண்டால் அது எகிறி நெஞ்சில் அடிக்கும். கையால் தள்ளும்போது ஒருவர் கைப் பிரேக்கிலேயே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பெட்டியை எஞ்சினால் உந்திவிட்டுத் தானாக ஓட விடும் வழக்கம் எங்கேயும் வேண்டாம்.

சப்பாத்து இல்லை, விளக்கு இல்லை, "சும்மா தள்ளுடா" என்று சொல்லும் கொந்தராத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவரிடம் வேலைக்குச் சேரும்போது நாட்சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வேலையில் காயம்பட்டவருக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு கிடைக்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அங்கே வேலை செய்தவர் என்று காட்ட அந்தத் துண்டு உதவும்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பெட்டி நின்றால், கீழே குனிந்து புகுந்து போகிறார்கள். மறு பக்கத்தில் எஞ்சின் வந்து முட்டுவது அவர்களுக்குத் தெரியாது. ஒரு தட்டுத் தட்டினால் வரிசை முழுவதும் நகரும். சுற்றித்தான் போக வேண்டும், கடைசிப் பெட்டியிலிருந்தும் பத்து அடியாவது தள்ளி. கைப் பிரேக் லீவரில் தொங்குவதையும் ஆப்புக் கட்டையை அடுப்புக்கு எடுத்து வருவதையும் கண்டால் உடனே தடுங்கள். பெட்டி தானாக நகர்வதைப் பார்த்தால் யாரும் குறுக்கே போய்க் கட்டை வைக்க ஓட வேண்டாம். பாதையில் இருப்பவர்களைச் சத்தம் போட்டு விலக்கிவிட்டு, ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடுங்கள்.