பலாப்பழக் குல்லாய்

புதுக்கோட்டைச் சீமையில் குளிர் என்பது ஓர் அவசர விருந்தாளி. மார்கழி மாதத்து விடியற்காலையில் வந்து எட்டிப் பார்க்கும். நாம் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் விடைபெற்றுக்கொண்டு விடும். இந்த ஊரில் குல்லாய்க்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பெரியவர்கள் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டு வைக்கும் குரங்குக் குல்லாய் ஒன்றைத் தவிர, வேறு எதையும் சென்ற மார்கழி வரையில் நாமும் லட்சியம் செய்ததில்லை.

சென்ற மார்கழியில் நம் ஊர் மகளிர் குழுக்கள் நடத்திய கண்காட்சி ஒன்றுக்கு, எட்டு வயதுப் புதல்வியை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். ஊறுகாயையும் அப்பளத்தையும் தாண்டி வந்தபோது, ஒரு மேஜையின்மேல் பலாப்பழங்களை அடுக்கி வைத்திருப்பதுபோல் தோன்றிற்று. ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலா நம் ஜில்லாவுக்குப் பெயர் வாங்கித் தந்த பழம் என்பது வாஸ்தவந்தான். ஆனால் மார்கழியில் பலா ஏது? கிட்டப் போய்ப் பார்த்தால், எல்லாம் குல்லாய்கள்! மஞ்சளும் பச்சையும் கலந்த பருத்தி நூலில் குரோஷா ஊசியால் பின்னியவை. மேலெல்லாம் முள் முள்ளாகப் புடைத்திருந்தது; உச்சியில் ஒரு காம்பும் இருந்தது. பெரியவர்களுக்கு ஓர் அளவு, குழந்தைகளுக்கு ஓர் அளவு. குழந்தை சிறியதொன்றைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பெரியதொன்றை நம் தலையிலும் வைத்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருபது வருஷமாக வகுப்பில் கட்டிக் காத்து வந்த கம்பீரம் அரை நொடியில் பறந்து போயிற்று.

பெரியது 450 ரூபாய் என்றார் அந்த அம்மாள்.

"கீழ ராஜ வீதியில் நூறு ரூபாய்க்குக் குல்லாய் கிடைக்கிறதே, அம்மா! இருநூறு வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. "அது மிஷினில் போடுவது, ஸார். இதைப் போட மிஷினே கிடையாது. நூலுக்கு மட்டும் 130 ரூபாய், ஒன்று முடிக்க எட்டு மணி நேரம் ஆகிறது" என்று சொல்லி, தம் கையில் இருந்த ஊசியையும் நூலையும் நம் பக்கம் நீட்டினார். "ஒரு முள் போட்டுப் பாருங்களேன், ஸார்!"

மானம் பெரிதென்று எண்ணி, குழந்தையின் தலையிலிருந்து பலாப்பழத்தை எடுத்து வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். அன்று இரவு குழந்தை நம்மோடு பேசவில்லை.

'மிஷினே கிடையாது' என்ற வார்த்தை மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய உலகத்தில் ஒரு கொக்கி ஊசி செய்கிற காரியத்துக்கு யந்திரம் இல்லையா? விசாரித்ததில் அந்த அம்மாள் சொன்னதே சரி என்று தெரிந்தது. இரண்டு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டர்ப் பின்னலில் ஒரு வரிசையின் கண்கள் அனைத்தும் ஊசியில் ஒழுங்காகக் கோத்து நிற்கும். ஒழுங்காக நிற்பதை யந்திரம் எளிதில் பிடித்துக்கொள்ளும். குரோஷாவிலோ ஊசியில் உயிருள்ள வளையம் ஒன்றே ஒன்றுதான். அடுத்த கண்ணுக்கு ஊசி எங்கே நுழைய வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும் என்பதைக் கண் பார்த்து, விரல் தடவித் தீர்மானிக்க வேண்டும். ஆராய்ச்சிசாலைகளில் சோதனை யந்திரங்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். கடைச் சரக்காகப் பின்னித் தள்ளும் யந்திரம் இன்னும் வரவில்லை. ஆகவே உலகத்தில் எந்தக் கடையில் குரோஷாக் குல்லாய் தொங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணையும் யாரோ ஒருவர் கையால் இழுத்திருக்கிறார் என்பது நிச்சயம்.

நம் வீட்டு அம்மையாரிடம் பழைய குரோஷா ஊசி ஒன்று இருந்தது. அவரையே குருவாகக் கொண்டு அப்பியாசத்தை ஆரம்பித்தோம்.

உச்சியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சிறு வளையத்துக்குள் ஆறு குட்டைப் பின்னல். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு. இப்படிச் சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டு போனால் தட்டையான வட்டம் விரியும். கூட்டுவது அதிகமானால் விளிம்பு முறுக்கிக்கொள்ளும். சீக்கிரம் நிறுத்திவிட்டால் தேங்காய்ச் சிரட்டைதான் மிஞ்சும். எங்கே நிறுத்துவது? பள்ளிக்கூடக் கணிதம் இங்கே உதவுகிறது. தலையின் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்றால் அதை 3.14-ஆல் வகுக்க, வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். குழந்தையின் தலை 50 என்றால் 16. அதன்பின் கூட்டாமல் சுற்றிக்கொண்டே வந்தால் பக்கங்கள் தாமாகக் கீழே இறங்கும். கம்பளி நூலானால் இழுத்தால் கொடுக்கும். நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற பருத்தி நூல் அவ்வளவு கொடுக்காது. அளவில் பிசகினால் தலைவலிதான்.

முள் வைப்பதுதான் வித்தை. ஒரே கண்ணுக்குள் ஐந்து நெட்டைப் பின்னல்களை அரைகுறையாக நிறுத்தி, ஊசியில் சேர்ந்த ஆறு வளையங்களையும் ஒரே இழுப்பில் மூட வேண்டும். இரண்டு பக்கமும் குட்டைப் பின்னல்கள் நெருக்குவதால் நடுவில் உள்ள நெட்டையர்களுக்கு நிமிர்ந்து நிற்க இடமில்லை. முதுகை வளைத்துக்கொண்டு புடைத்துவிடுகிறார்கள். அதுவும் பின்னுகிறவருக்கு எதிர்ப்பக்கமாகப் புடைக்கிறார்கள்! ஆகையால் குல்லாயின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே பின்ன வேண்டும். முதல் நாள் நாம் அதை அறியாமல் முட்களையெல்லாம் தலைக்குள்ளே குத்தும்படி வைத்துவிட்டோம். நூலை இந்த முட்கள் தின்கிற வேகத்தையும் அன்றுதான் கண்டோம்.

பத்தொன்பது இரவுகள் சென்றன. இடையே ஒரு நாள், மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்தும்போது, அந்த அம்மாளின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 450-ல் நூலுக்கு 130 போனால் 320. எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 40 ரூபாய். நாம் கேட்ட 200-ல் 130 போக 70. மணிக்கு எட்டே முக்கால் ரூபாய். பட்டம் பெற்ற ஒருவர் நாலு பேர் எதிரில் உரத்த குரலில் கேட்ட கூலி அது!

கண்காட்சியில் எட்டு மணி நேரம் என்று சொன்னபோது நாம் நம்பாததற்குக் காரணம் உண்டு. பெண்கள் பேசிக்கொண்டே பின்னுகிறார்கள், அடுப்பில் உலை கொதிக்கும்போது பின்னுகிறார்கள், பஸ்ஸில் பின்னுகிறார்கள். அதனால் அது பொழுதுபோக்கு என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். கோதாவரிக் கரையில் நர்ஸாப்பூர் என்று ஓர் ஊர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் குடும்பங்கள் சொல்லிக் கொடுத்த குரோஷா லேஸ் அங்கே வீட்டுக்கு வீடு பரவி, கடல் கடந்து விற்பனையாகிறது. 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். நாள் முழுதும் விரல் தேயப் பின்னியவர்களை 'சும்மா வீட்டில் இருப்பவர்கள்' என்று சொல்லியே கூலியைக் குறைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் அதன் சாரம். படித்தபோது நம் முகமே அந்தப் பக்கங்களில் தெரிவதுபோல் இருந்தது.

இதே ஊசி உயிர் காத்ததும் உண்டு. 1845-ல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு அழிந்து கொடும் பஞ்சம் வந்தபோது, கார்க் பிரதேசத்துக் கன்னிமடத்தார் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தார்கள். லேஸ் விற்ற காசில் அடுப்பு எரிந்த வீடுகள் அநேகம். கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. நம் நாட்டிலும் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர், 2016 ஜனவரி 31-ந் தேதி சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரண்டே முக்கால் ஏக்கர்! அத்தனையும் கையால். மணிக் கணக்குப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றுகிறது.

நிற்க. கண்காட்சியின் கடைசி நாளன்று மாலை ஓட்டமாகப் போனோம். நம்மைக் கண்டதும் அந்த அம்மாள், "முள் விழுந்ததா, ஸார்?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து நம் சிருஷ்டியை எடுத்துக் காட்டினோம். திருப்பிப் பார்த்தார், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முள் நன்றாகத்தான் இருக்கிறது. வட்டத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள்" என்றார்.

சிறிய குல்லாய்கள் எல்லாம் விற்றுப் போயிருந்தன. பெரியது ஒன்றுதான் மிச்சம். 450 ரூபாயை எண்ணிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, குழந்தையின் தலை அளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். தை பிறந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதுவரையில் விடியற்காலைகளில் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனது நாம்தான். நாம் பின்னியதைக் குழந்தை வீட்டுத் தண்ணீர்க் கூஜாவுக்குப் போட்டுவிட்டாள்; அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.