பிணைக் காசோலை பணமாகுமா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம் இளைஞர் பலருக்குக் கப்பல் வேலை ஒரு கனவு. அதைக் காட்டி முன்பணம் பறிப்போர், "வேலை கிடைக்காவிடில் இது உங்கள் பணம்" என்று பின்தேதியிட்ட காசோலையும் தருவதுண்டு. கணக்கில் பணமில்லையேல் அது வெறுந்தாளே!

கப்பற்பணிக்கு ஆள் சேர்ப்போர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வேலை தேடுவோரிடம் அதற்கெனக் கட்டணம் வாங்கலாகாது. ஆகவே, முன்பணம் கேட்கும்போதே விழித்துக்கொள்வோம்.

ஏமாந்தோர் நாணி ஒளிய வேண்டியதில்லை. காசோலைக்கு அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதமே ஆயுள். அது திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது சேர்ந்து 15 நாட்களில் பணம் வராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் முறையிடலாம். "நாளை தருகிறேன்" என்னும் சொல்லை நம்பி அந்நாட்களை இழந்துவிட வேண்டாம்.