நூலுரிமையும் சொற்களவும்

ஒருவர் இயற்றியதைப் பிறரொருவர் தம்முடையதெனக் காட்டுதல் பண்டுதொட்டே உள்ளதொரு குற்றம். ஆயினும் ஏட்டுச் சுவடியைப் பார்த்துப் படியெடுத்தவனுக்குக் கைநோவேனும் உண்டு; இணையத்தினின்றும் எடுப்பவனுக்கு அதுவும் இல்லை. விரலொன்றின் அசைவால் பத்துப் பக்கம் அவன் கைக்கு வந்துவிடுகின்றது. வருங்கால் ஆக்கியோன் பெயர் மட்டும் பெரும்பாலும் உடன் வருவதில்லை. ஆதலின் இப்பொருளை மாணவராகிய நாம் சற்று ஆராய்தல் தகும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். நூலுரிமையை மீறுதல் வேறு, சொற்களவு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் நம்முட் பலர். யானும் சென்ற ஆண்டுவரை அங்ஙனமே மயங்கியிருந்தேன்.

நூலுரிமையென்பது சட்டம் வகுத்ததோர் உடைமை. இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்து, 1710-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனை ஆக்கியோர்க்கு உரியதாக்கிற்று. நம் நாட்டில் இன்று வழங்குவது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி ஓர் ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல், அவர் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் உரிமை நீங்காதிருக்கும். பதிவு செய்தாலன்றி உரிமை இல்லையெனப் பலர் எண்ணுவது பிழை. விலையின்றிக் கிடைப்பதனாலேயே ஒன்று பொதுவுடைமை ஆகிவிடும் என்பதும் பிழையே. இனி, இவ்வுரிமை கருத்துக்கு உரியதன்று. கருத்தை வெளியிட்ட வடிவத்துக்கே உரியது. ஒரு நாடகத்தையும் ஒரு திரைப்படத்தையும் பற்றிய வழக்கில் 1978-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்திற்று.

சொற்களவோவெனின் இவ்வெல்லைக்குள் அடங்குவதன்று. பாரதியார் பாடல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் உரிமையை 1949-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை பொதுமக்கள் உடைமையாயின. இன்று யாரும் அவற்றை அச்சிடலாம், விற்கலாம். ஆனால் ஒருவன் அப்பாடலொன்றின் கீழே தன் பெயரை இடுவானாயின் அவன் கள்வனே. மறுதலையாக, உயிரோடுள்ள ஆசிரியர் ஒருவரின் நாவல் முழுவதையும் அவர் பெயரோடு இணையத்தில் ஏற்றி நண்பர்க்கு வழங்குவானைப் பொய்யன் என்றல் இயலாது. எனினும் அவன் உரிமையை மீறியவனாவான். உரிமையை விற்றுவிட்ட ஆசிரியர்க்கும், அந்நூலை ஆக்கியவர் தாமே என்று கூறிக்கொள்ளும் உரிமை நீங்குவதில்லை என நம் சட்டத்தின் 57-ஆம் பிரிவு கூறுகின்றது. எனக்கு அச்சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அதுவே.

நம் இலக்கண நூலார் இவற்றை அறியாதவரல்லர். நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார். முன்னோர் பொருளையேயன்றி அவர்தம் சொல்லையும் எடுத்தாளுதற்கு இடந்தந்தார். எனவே இரவல் அவர்க்கு இழிவன்று. ஆயின் சிறப்புப்பாயிரம் இன்னின்ன உரைத்தல் வேண்டுமென வரிசைப்படுத்துமிடத்து, ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அடுத்தும் வைத்தார். இக்காலத்தார் அடிக்குறிப்பென்று வற்புறுத்துவது அவ்வழியையன்றி வேறென்ன? (பிறர் பாட்டைத் தமதென்னாது, தம் பாட்டைக் கம்பர் தலையில் ஏற்றிவிட்டோரும் நம் நாட்டில் இருந்தனர். அவர்தம் வள்ளன்மையை என்னென்பது!) இணையத்திலும் இம்மரபு அற்றுப்போகவில்லை. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்குகின்றனர். தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் பெயர்களையும் நூலோடு சேர்த்தே தருகின்றனர்.

இனி என் கதை. சென்ற ஆண்டு வகுப்பிற்குப் புறநானூறு பற்றியதொரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நாள் நெருங்கவே, இணையத்திற் கண்டதொரு பத்தியை எடுத்து, இரண்டு சொல்லை மாற்றிச் சேர்த்துவிட்டேன். அதில் ஒரு பாட்டின் எண் பிழையாயிருந்தது. எனக்கு அது தெரியாது. என் தோழர் இருவர்க்கும் தெரியாது. அவர்களும் அதே பத்தியை எடுத்திருந்தனர்! எங்கள் பேராசிரியர் அப்பொழுது பாடவேறுபாடு பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தார். இரு சுவடியில் ஒரே பிழை காணின் அவ்விரண்டும் ஒரே தாய்ச்சுவடியினின்றும் வந்தனவோ என ஐயுறல் வேண்டுமென்பது அவர் பாடம். மூன்று கட்டுரைகளையும் மேசைமேல் விரித்து, “தம்பிமாரே, இம்மூன்று சுவடிக்கும் தாய் எவ்வூரில் உள்ளது?” என்றார். யாங்கள் வாய் திறந்திலேம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளைப் பின்னரே படித்தேன். ஆய்வேட்டில் ஒப்புமை நூற்றுக்கு 10 வரை இருப்பின் தண்டம் இல்லை. 40 வரை இருப்பின் திருத்தி மீண்டும் அளித்தல் வேண்டும். 60 வரை இருப்பின் ஓராண்டு தடை. அதற்கு மேற்படின் பதிவே நீக்கப்படும். வகுப்புக் கட்டுரைகள் அவ்விதியின் எல்லைக்குள் வாரா. ஆகவே என்னை ஒறுக்க ஒரு விதியும் இல்லை. பேராசிரியரும் ஒறுத்தாரல்லர், “வழி கூறி மீண்டும் எழுதிக் கொணர்க” என்று மட்டும் பணித்தார்.

நூலகத்தில் மூலத்தைத் திறந்து அப்பாட்டைத் தேடிப் படித்தேன். அப்பத்தியில் இருந்த கருத்து அப்பாட்டில் இல்லவே இல்லை. கையறுநிலைப் பாட்டொன்றை வீரம் பேசுவதாக யாரோ எழுதிவிட, யாங்கள் மூவரும் அதனை எங்கள் கருத்தென்று ஒப்பமிட்டிருந்தோம். இரண்டாங் கட்டுரை முன்னதிற் பாதி அளவே வந்தது. அடியில் மூன்று நூல்களின் பெயர் இருந்தன.