பெயர்ப்பலகை அதேதான், கடை கைமாறிவிட்டது

கெர்லிங்கில் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்வோம். சோறும் சாம்பாரும் வீட்டிலேயே வேகும். பலகாரம் தஞ்சோங் மாலிம் கடையிலிருந்து வரும். பந்தியில் உட்காருபவருக்கோ எல்லாம் ஒரே வீட்டுச் சாப்பாடுதான்.

இன்றைய அகப்பக்கமும் இப்படித்தான். முகவரியைத் தட்டியதும் முதலில் வந்து சேர்வது ஒரு சமையல் குறிப்பு மாதிரி. பொத்தான், வரைபடம், காணொளிப் பெட்டி ஆகியவற்றை எந்தெந்த முகவரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கைப்பேசி அங்கெல்லாம் போய் எடுத்துவந்து, அந்த நேரத்திலேயே பக்கத்தைக் கட்டி முடிக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது பழகிய சங்கதி. 1990-களில் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கங்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தன. பிறகு, எழுத்துருவைப் பக்கமே கையோடு கூட்டிவரும் முறை வந்தது. எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை என்ற தலைவலி தனி! ஆனால் எழுத்துருவின் வேலை எழுத்தைக் காட்டுவது மட்டுமே. வெளியிலிருந்து வருவது நிரல் என்றால் கதை வேறு. பக்கத்தின் சொந்த நிரலுக்குள்ள அதிகாரம் அதற்கும் கிடைத்துவிடும். நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லைக்கூட அது படிக்கலாம்.

பாலிஃபில் விவகாரத்தில் உலகம் இதைக் கண்டது. பழைய உலாவிகளிலும் புதிய வசதிகள் இயங்க உதவிய இலவச நிரல் அது. 2024 பிப்ரவரியில் அதன் முகவரி ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. நிரலை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், அதை உடனே நீக்கிவிடும்படி எச்சரித்தார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஜூனில் சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் உண்மையை வெளியிட்டது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த முகவரியை நம்பியிருந்தன. அங்கிருந்து வந்த நிரல் கைப்பேசிப் பயனர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது. அதுவும் குறிப்பிட்ட நேரங்களில், குறிப்பிட்ட கைப்பேசிகளில் மட்டும். தள நிர்வாகி பார்த்தால் அடங்கிக் கிடக்கும். தளக்காரர்கள் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

தடுக்க வழி உண்டு. வரும் நிரலுக்கு முன்கூட்டியே ஒரு முத்திரை எண் கொடுத்துவைக்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை ஏற்காது. ஆனால் பாலிஃபில் ஒவ்வொரு உலாவிக்கும் வெவ்வேறு நிரலை அனுப்பியதால், அங்கே இந்த முத்திரை பயன்படவில்லை. நிரலின் பிரதியைச் சொந்த வழங்கியில் வைத்துக்கொள்வதே உறுதியான வழி.

தோட்டத்து ஆலயமோ தமிழ்ப்பள்ளியோ அகப்பக்கம் வைத்திருந்தால், அதை அமைத்துக் கொடுத்தவரிடம் ஒன்று கேட்கலாம்: “நம் பக்கத்துக்கு எந்தெந்த வெளி முகவரிகளிலிருந்து நிரல் வருகிறது? அவை இன்று யார் கையில் இருக்கின்றன?”