பழைய ஆயிலுக்கு 7 கலர் தாள்... சாம்பலுக்கு ஏன் இல்லை? நெய்வேலியும் அபாயக் கழிவு சட்டமும் - விளக்கம்

நெய்வேலியில் கழிவு என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அனல்மின் நிலையச் சாம்பல்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்தச் சாம்பல் 'அபாயகரமான கழிவு' கிடையாது. அதே அனல்மின் நிலையத்தில் டிரம்மில் பிடித்து வைத்திருக்கும் பழைய ஆயில் அபாயகரமான கழிவு. ஏன் இந்த வித்தியாசம்? லாரியில் ஏற்றினால் யார் கணக்கு வைக்கணும்? கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எது அபாயகரமான கழிவு?

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-ன் கீழ் மத்திய அரசு 2016-ம் ஆண்டு கொண்டுவந்த அபாயகரமான கழிவு விதிகள்தான் இப்போது நாடு முழுவதும் அமலில் உள்ளன. எந்தத் தொழிலில் வரும் எந்தக் கழிவு அபாயகரமானது என்று இந்த விதிகளிலேயே பட்டியல் இருக்கிறது.

நெய்வேலியைப் போல சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் அந்தப் பட்டியலில் வருபவை எவை? இயந்திரங்களில் இருந்து வடிக்கும் பழைய ஆயில், ஆயில் கலந்த கசடு, ரசாயனம் ஒட்டிய காலி டிரம், நச்சு உலோகம் கலந்த பழைய ரெசின், கல்நார் கலந்த கழிவு போன்றவை.

ஆஸ்பத்திரி கழிவு, பழைய பேட்டரி, வீட்டுக் குப்பை ஆகியவை இதில் வராது. அவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

சாம்பல் ஏன் பட்டியலில் இல்லை?

'அளவு அதிகம், பாதிப்பு குறைவு' என்ற காரணத்தைச் சொல்லி, சாம்பல் உள்ளிட்ட சில கழிவுகளை 2016 விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. அதற்காக சாம்பலை இஷ்டத்துக்குக் கொட்டலாம் என்று அர்த்தம் இல்லை.

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்களுக்காக 2021 டிசம்பர் 31-ல் தனி அறிவிக்கை வெளியானது. அதன்படி சாம்பலை செங்கல், சிமென்ட், சாலைப்பணி போன்றவற்றுக்கு 100 சதவீதம் பயன்படுத்தணும். இதற்கு 3 முதல் 5 ஆண்டுகள் கொண்ட கணக்குச் சுற்று. இலக்கை எட்டாவிட்டால் பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பட்டியலில் உள்ள கழிவைக் கையாள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கட்டாயம். கழிவை வளாகத்துக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் சேமித்து வைக்கலாம். ஆண்டுக்கு 10 டன்னுக்குள் கழிவு வரும் சிறிய இடங்கள் போன்ற சில இனங்களுக்கு வாரியம் கூடுதல் அவகாசம் தரலாம்.

டிரம் மீது பளிச்சென்ற மஞ்சள் லேபிள் இருக்கணும். அதில் 'அபாயகரமான கழிவு' என்பது சிவப்பு எழுத்தில் இந்தி, ஆங்கிலம், உள்ளூர் மொழி என மூன்றிலும் இருக்கணும். அதாவது தமிழிலும் கட்டாயம்.

எவ்வளவு கழிவு வந்தது, எங்கே போனது என்பதைப் படிவம் 3-ல் பதியணும். முழு ஆண்டுக் கணக்கைப் படிவம் 4-ல் ஒவ்வொரு ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு அனுப்பணும்.

அந்த 7 கலர் தாள் என்ன?

கழிவு லாரி கேட்டைத் தாண்டும்போது படிவம் 10 என்ற ஆவணத்தை 7 பிரதிகளாகத் தயாரிக்கணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர்:

வெள்ளை: அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தருவது
மஞ்சள்: லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புபவர் வைத்துக்கொள்வது
பிங்க்: கழிவைப் பெறுபவர் வைத்துக்கொள்வது
ஆரஞ்சு: பெறுபவர் லாரிக்காரரிடம் தருவது
பச்சை: பெறுபவர் வாரியத்துக்கு அனுப்புவது
நீலம்: பெறுபவர் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவது
சாம்பல் நிறம்: அனுப்பியவர் வேறு மாநிலம் என்றால் அந்த மாநில வாரியத்துக்கு

இதில் முக்கியமானது நீலத் தாள். 10 டிரம் கிளம்பி, 10 டிரம் போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பியவருக்குச் சொல்வது அதுதான். வெள்ளையையும் பச்சையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, வழியில் எதாவது காணாமல் போனதா என்று வாரியத்துக்குத் தெரிந்துவிடும்.

விபத்து நடந்தால் என்ன செய்யணும் என்ற விவரத்தையும் (படிவம் 9) அனுப்புபவர் லாரிக்காரரிடம் தரணும். விபத்து நடந்துவிட்டால் உடனே வாரியத்துக்குத் தகவல் சொல்லணும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும்? கொடைக்கானல் பாடம்

2001 மார்ச் மாதம், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலாங்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டன. வந்த இடம், இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை. அபாயகரமான கழிவுக்கான முதல் விதிகள் 1989-லேயே அமலுக்கு வந்துவிட்டன. இருந்தும் கழிவு சாதாரண பழைய சாமான் போல வெளியே போயிருந்தது.

அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலை இருந்த இடத்து மண்ணைச் சுத்தம் செய்யும் பிரச்னை அதன் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது.

தண்டனை என்ன?

முன்பு 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் 1 முதல் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதையும் 90 நாட்களுக்குள் கட்டாவிட்டால்தான் சிறைக்கு வாய்ப்பு. கழிவால் மண், தண்ணீர், மக்களுக்குப் பாதிப்பு வந்தால் அதற்கான பொறுப்பு தனி. கழிவை உண்டாக்கியவர், அழிக்கும் மையத்தை நடத்துபவர் ஆகியோரை விதிகள் பொறுப்பாக்குகின்றன.

நெய்வேலி மக்கள் ஏன் கவனிக்கணும்?

பழுப்பு நிலக்கரியில் இயற்கையாகவே மிகச் சிறிய அளவில் பாதரசம் இருக்கும். எரிக்கும்போது அதில் ஒரு பகுதி புகையோடும், ஒரு பகுதி சாம்பலோடும் போகும். நெய்வேலி சுற்றுவட்டார கிராமங்களில் தண்ணீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதாக பூவுலகின் நண்பர்கள், மந்தன் ஆகிய அமைப்புகள் 2023-ல் ஆய்வறிக்கை வெளியிட்டன. இதையடுத்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இங்கேதான் கேள்வி வருகிறது. ஒரு டிரம் ஆயில் எங்கே போனது என்பதை 7 தாள்கள் சொல்லும். மலைபோல் குவியும் சாம்பலோ, 'பாதிப்பு குறைவு' என்ற ஒரே வரியால் அந்தத் தாள் முறைக்கு வெளியே நிற்கிறது. பட்டியலில் இல்லை என்பதும் ஆபத்தே இல்லை என்பதும் ஒன்றல்ல.

நீங்கள் என்ன செய்யலாம்?

* லேபிள் இல்லாத ரசாயன டிரம் காயலாங்கடையிலோ குளக்கரையிலோ கிடந்தால் தொடாதீர்கள். காலி டிரம்தானே என்று தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது.
* இடம், நேரம், போட்டோவுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.
* ஒரு நிறுவனம் வாரியத்துக்கு அனுப்பிய ஆண்டுக் கணக்கின் நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.