வளர்ப்பாமையும் வாய்க்காற் பூண்டும்

நகரத்து அலங்கார மீன் கடைகளில் விற்கப்படும் பச்சை நிறச் சிற்றாமை இப்பொழுது கமக்காரர் வீடுகளிலும் இடம்பெறக் காணலாம். கண்ணுக்குப் பின்னே செந்நிறப் பட்டை ஒன்று இதற்கு உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு இதன் தாயகமாகும். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் இது, வளர்ந்தபின் 8 தொடக்கம் 12 அங்குலம் வரை நீளமான ஓட்டைப் பெறும்; 20 அல்லது 30 ஆண்டுகள் உயிர்வாழவும் கூடும். குட்டிப் பருவத்திற் புழு, மீன் முதலியவற்றை விரும்பும் இவ்வாமை வளர வளரப் பசுந்தழையை மிகுதியாக உண்ணத் தொடங்கும். அவ்வேளையில் வீட்டார் முதலில் நாடுவது வயலருகேயுள்ள வாய்க்காலையே. காசு கொடாமற் கிடைக்கும் பூண்டு அங்கே மிதக்கின்றது. ஆயினும் எதனை எடுப்பது, எஞ்சியதை எங்கே எறிவது என்னும் இவ்விரண்டிலும் தவறு நேரின், ஆமைக்கு மட்டுமன்றி வயலுக்கும் கேடு விளையும்.

இங்கு கூறப்படுவன கடையில் வாங்கிய அயல்நாட்டாமைக்கே உரியன. நம் குளங்களிலும் வயல்களிலும் இயல்பாக வாழும் ஆமைகளைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. உழவின்போது அத்தகைய ஆமை வெளிப்படின், கண்ட இடத்துக்கு அண்மையிலுள்ள நீரில் அதனை விட்டுவிடுதலே முறை.

அழகுக்கென வந்த ஒரு செடியும் கல்விக்கென வந்த ஒரு செடியும் இந்நாட்டு நீர்நிலைகளுக்குச் செய்த கேட்டை முதிய கமக்காரர் மறந்திரார். ஊதாப் பூவின் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிற் புகுந்தது. அதனைத் தடுப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் ஒன்றை ஆக்க வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939 ஆம் ஆண்டிற் கொழும்பில் தாவரவியற் கல்வியின் பொருட்டு வருவிக்கப்பட்டது. அங்கிருந்து தப்பிய அது சில ஆண்டுகளுள் வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரவி, பல்லாயிரம் ஏக்கர் நிலத்துக்குத் தொல்லை விளைத்தது. இப்பூண்டு வித்தினாற் பெருகுவதில்லை என்பது கருதத்தக்கது. முறிந்த துண்டொன்றே அதற்குப் போதும். பசளைச் சத்து மிக்க வெப்பமான நீரில் ஒரு வாரத்துள் அது இரு மடங்காகிவிடும். 1986 ஆம் ஆண்டில், இதனையே உண்டு வாழும் சிறு கூன்வண்டு விடப்பட்ட பின்னரே பல இடங்களில் அதன் ஆதிக்கம் தளர்ந்தது. ஆமைத் தொட்டியைக் கழுவி வாய்க்காலில் ஊற்றும் ஒரு வாளி நீரில் எத்தனை துண்டுகள் செல்லும் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுக் கொள்ளலாம். எனவே சல்வீனியாவையும் ஆற்றுவாழையையும் ஆமைக்கென வீட்டில் வளர்த்தல் ஆகாது. ஆமை அவற்றைத் தின்னும் என்பது அவற்றை வளர்ப்பதற்கு நியாயமாகாது.

தக்க உணவாவன மூன்று. முதலாவது அசோலா. நெல்வயலில் நைதரசன் சத்தைச் சேர்க்கும் பொருட்டுப் பயிரிடப்படும் இச்சிறு பன்னம் புரதம் நிறைந்தது; கோழிக்கும் வாத்துக்கும் உணவாவது. இரண்டாவது, குருணையரிசி அளவான தட்டையான இலைகளாக நீர்மேற் பரந்து மிதக்கும் லெம்னா. ஆமைகள் இதனைப் பெருவிருப்போடு உண்ணும். மூன்றாவது, எவரும் அறிந்த வள்ளைக்கீரை, அதாவது கங்குன். இதனை நாள்தோறும் கொடாது, மற்றவற்றோடு மாற்றி மாற்றிக் கொடுத்தல் நன்று. கீரைகளிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் மிகுமாயின் உணவிலுள்ள கல்சியத்தை உடல் ஏற்காது தடுக்கும்.

பொன்னாங்காணியையும் கொடுக்கலாம், ஆனால் அது பொன்னாங்காணிதானா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். அலிகேற்றர் பூண்டு என வழங்கும் தென்னமெரிக்கக் களை அதனைப் பெரிதும் ஒத்தது. 1990 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் வாழும் இலங்கையர் சிலர், பொன்னாங்காணி என எண்ணி இக்களையையே தம் வீட்டுத் தோட்டங்களிற் கறிக்கு வளர்த்து வந்தமை கண்டறியப்பட்டது. அறிந்தவர்களே ஏமாந்தனர். பொன்னாங்காணியின் வெண்ணிறப் பூக்கள் இலைக்கக்கத்திற் காம்பின்றி ஒட்டியிருக்கும். களையின் பூக்கொத்தோ நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். களையின் தண்டு உள்ளே குழாய் போன்றது. பூக்கும்வரை ஐயம் தீராதாயின் அச்செடியைப் பரப்பாதிருத்தலே தக்கது.

வயல்வாய்க்காலிற் பிடுங்கிய பூண்டை நேரே ஆமைக்கு இடுதல் கூடாது. களைகொல்லியும் பூச்சிநாசினியும் தெளித்த வயல்களின் வடிநீர் அங்கே வந்து சேர்கின்றது. மிதக்கும் பூண்டுகள் நீரிற் கரைந்தவற்றை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் இயல்புடையன. நீரிற் கழுவினால் இவை நீங்கிவிடும் என நம்புதல் பிழை. வித்துக்காக ஒரு கைப்பிடி மாத்திரம், மருந்து தெளிக்காத இடத்திலிருந்து எடுத்து, வேறு துண்டுகளும் நத்தைகளும் கலவாதபடி தெரிந்து, தனித்தொட்டியில் வளர்த்துப் புதிதாகத் தோன்றிய பூண்டையே உணவாக்க வேண்டும்.

வளர்க்கும் முறை எளிது. 6 அடி நீளமும் 3 அடி அகலமுமான ஆழமற்ற குழியிற் பொலித்தீன் விரித்து, 2 அங்குலம் சலித்த மண்ணிட்டு, அதன்மேல் 4 அங்குலம் நீர் நிற்கச் செய்க. சிறிதளவு மாட்டுச் சாணத்தை நீரிற் கரைத்து வடித்து ஊற்றி, அசோலாவைத் தூவுக. நண்பகல் வெயில் நேரே படாத அரை நிழல் ஏற்றது. இரண்டு வாரமளவிற் குழி முழுதும் மூடிவிடும்; அதன்பின் சிறிது சிறிதாக வாரியெடுக்கலாம். பூண்டு செந்நிறமாக மாறின், வெயில் மிகுந்தது அல்லது பொசுபரசுச் சத்துக் குறைந்தது எனக் கொள்க. மிதவைப் பூண்டு முழுமையாக மூடாதவரை நுளம்பு முட்டையிடும். ஆகவே நுண்வலையால் மூடுதல் அல்லது கப்பி மீன்கள் சிலவற்றை விடுதல் இன்றியமையாதது. ஓராமைக்கு இத்துணைக் குழி வேண்டியதில்லை, ஒரு பிளாத்திக்குத் தொட்டியே போதும் என்பது உண்மை. எனினும் மிகுவதைக் கோழிகள் வீணாக்கமாட்டா.

ஆமை தன் உணவை நீரினுள் வைத்தே விழுங்க வல்லது. ஆதலாற் பூண்டை நன்கு அலசி அதன் தொட்டி நீரிலேயே மிதக்க விடுக. குட்டிகள் பல நாள் அதனைத் தொடாதிருக்கும்; அதற்காக அவற்றைப் பட்டினி போடுதல் தவறு. குட்டிக்கு நாள்தோறும் மாமிசவுணவு வேண்டும். வளர்ந்த ஆமைக்குப் பசும்பூண்டு நாள்தோறும், மாமிசவுணவோ ஆமைத் தீனியோ கிழமைக்கு இரண்டு மூன்று முறை. கண்ணிமை வீங்கின் விற்றமின் ஏ குறைவு என ஐயுறலாம். ஓடு மென்மையாகின் கல்சியமும் வெயிலும் போதவில்லை. கணவாய் ஓட்டுத் துண்டொன்றை நீரிலிட்டு, ஆமை ஏறிக் காய்வதற்குக் கல்லொன்றும் வைத்து, நேர் வெயில் படச் செய்க. கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது.

மரக்கறித் தோட்டம் செய்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தொட்டிக் கழிவுநீராகும். ஆமைகள் நோயின்றித் தோன்றினும் சல்மொனெல்லா என்னும் கிருமியைக் கொண்டிருக்கக்கூடும். குழந்தைகளுக்கு நேர்ந்த நோயின் காரணமாக அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டையுடைய ஆமைகளின் விற்பனை 1975 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. அந்நீரை வல்லாரை, சலாது போன்று பச்சையாக உண்ணும் இலைப்பயிர்களுக்கு ஊற்றாது, வாழையின் அல்லது தென்னையின் அடியில் ஊற்றுக. கிணற்றருகே ஊற்றவும் கூடாது. ஆமையைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

எஞ்சிய பூண்டை ஈரத்தோடு எங்கும் எறியாது, வெயிலில் நன்கு காயவிட்டுக் கூட்டெருக் குழியில் இடுக. வளர்ப்பதற்கு இயலாத நிலை வரின் ஆமையைக் குளத்தில் விடுதல் ஆகாது. பல நாடுகளில் இவ்வாறு விடப்பட்ட ஆமைகள் பெருகி, உள்நாட்டு ஆமைகளின் உணவையும் அவை வெயில் காயும் இடங்களையும் பறித்துக்கொண்டன. வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் ஒப்படைத்தலே தக்க வழி. வாய்க்காலில் முன்பு காணாத மிதவைப் பூண்டு எதனையேனும் காணின், அதனைப் பரவவிடாது சிறிதளவை மூடிய உறையில் இட்டு, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.